உடம்பு எதை நினைவில் வைத்திருக்கின்றது?
கொவிட் தடுப்பூசியும் எமது நிர்ப்பீடனமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் கல்லூரிப் பிரதான மண்டபத்தில் நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேச வேண்டும் என்று கேட்டபோது சங்கச் செயலாளர் அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "விளங்கிற மாதிரிப் பேசு பிள்ளை. எங்களில அரைவாசிப் பேர் கலைப்பிரிவு." ஆகவே உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே சொல்லப் போகின்றேன்.

கொவிட் பற்றிக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அலுத்துப்போயிருக்கும். பிறகேன் இந்தத் தலைப்பு என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்த மண்டபத்தில் இருக்கும் ஏறத்தாழ எல்லோருடைய கையிலும் அந்த ஊசி ஏற்றப்பட்டிருக்கின்றது. உலகம் முழுவதிலும் 1300 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டுவிட்டன. இத்தனை பேருக்கு இவ்வளவு விரைவாகக் கொடுக்கப்பட்ட மருந்து வேறொன்று இல்லை. ஆனால் போட்ட பிறகு எங்கள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. இரண்டாவது காரணம், அந்தக் காலத்தில் முளைத்த சந்தேகங்கள் இப்போது எங்கள் பிள்ளைகளின் மற்றைய தடுப்பூசிகளின் மேலும் திரும்பியிருக்கின்றன. அதைப்பற்றி முடிவில் சொல்கின்றேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். எமது உடம்பின் பாதுகாப்பு இரண்டு அடுக்கானது. முதலாவது அடுக்கு பிறக்கும்போதே எங்களோடு வருகின்றது. தோல், சளி, தின்குழியங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். இந்த அடுக்கு வந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்காது. "இவர் எங்கள் ஆளில்லை" என்று தெரிந்தவுடன், மணித்தியாலக் கணக்கில் வேலை தொடங்கிவிடும். இரண்டாவது அடுக்கு மெதுவானது. அது வந்தவரின் முகத்தைப் பார்த்து, அந்த முகத்துக்கு மட்டுமே பொருந்தும் ஆயுதத்தைத் தயாரிக்கும். முதல் தடவையில் அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் எடுக்கும். ஆனால் ஒருமுறை பார்த்த முகத்தை அது மறப்பதில்லை. தடுப்பூசி என்பது இந்த இரண்டாவது அடுக்குக்கு நோயைக் கொடுக்காமல் முகத்தை மட்டும் காட்டிக் கொடுக்கும் ஏற்பாடு.

கொரோனா வைரசின் முகம் எது? அதன் மேற்பரப்பில் முள்ளு முள்ளாகத் துருத்திக்கொண்டிருக்கும் புரதம். படங்களில் கிரீடம் போலத் தெரிவது அதுதான். அந்த முள்ளுப் புரதத்தைக் கொண்டுதான் வைரசு எமது கலங்களின் கதவைத் திறக்கின்றது. எனவே அந்த முள்ளைப் பிடித்துக்கொண்டால் கதவு திறபடாது. 2020 ஜனவரியில் இந்த வைரசின் மரபுத் தகவல் வெளியிடப்பட்டதும் உலகெங்கும் ஆய்வாளர்கள் முள்ளுப் புரதத்தில் கண் வைத்தது இதனால்தான்.

எங்கள் நாட்டில் கூடுதலாகப் பாவிக்கப்பட்ட மூன்று தடுப்பூசிகளும் இந்த முகத்தை மூன்று விதமாகக் காட்டின.

சினோபாம் பழைய முறை. வைரசை வளர்த்து, இரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, அதை அப்படியே கொடுப்பது. போலியோ ஊசியும் இந்த முறையில் தயாரிக்கப்பட்டதுதான். இதில் முள்ளு மாத்திரமல்ல, வைரசின் மற்றைய புரதங்களும் இருக்கும். செத்த வைரசு எமது கலங்களுக்குள் புகுந்து பெருகாது என்பதால் தூண்டல் சற்று மென்மையாக இருக்கும். அதை ஈடுசெய்ய அலுமினிய உப்பொன்றைச் சேர்ப்பார்கள்.

அஸ்ட்ராசெனெகா, அதாவது இங்கே கொவிஷீல்ட் என்று வந்தது, இன்னொரு வழி. சிம்பன்சியில் தடிமனை உண்டாக்கும் ஒரு வைரசை எடுத்து, அது பெருக முடியாதபடி மாற்றி, முள்ளுப் புரதத்தைச் செய்வதற்கான கட்டளையை அதற்குள் வைத்து அனுப்புவது. தபாற்காரர் மாதிரி. கடிதத்தைக் கொடுத்ததோடு அவருடைய வேலை முடிந்துவிடும்.

பைசர், மொடர்னா இரண்டும் எம்.ஆர்.என்.ஏ. முறை. தபாற்காரரும் இல்லை. கட்டளைத் துண்டை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் வைத்து நேரே கொடுப்பது. எமது கலம் அதை வாசித்து, முள்ளுப் புரதத்தைத் தானே செய்து, வெளியே தூக்கிக் காட்டும். இந்தக் கட்டளைத் துண்டு கலத்தின் கருவுக்குள் போவதில்லை. மரபணுக்கள் இருக்கும் அறை அதுதான். எங்கள் கலங்கள் ஒவ்வொரு நாளும் ஆயிரமாயிரம் எம்.ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செய்து, வாசித்து, அழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஊசியில் வந்ததும் அப்படியே அழிந்துபோகும். "எங்கட மரபணுவையே மாத்திப் போடுமாம்" என்று அந்த நாட்களில் பரவிய பயத்துக்கு இதுதான் பதில்.

இந்த முறை ஒரு வருடத்தில் திடீரென்று வந்ததல்ல. ஹங்கேரியில் பிறந்த கதலின் கரிகோ என்ற பெண் விஞ்ஞானி 1990களில் தொடங்கி, ஆராய்ச்சிப் பணம் கிடைக்காமலும் பதவி இறக்கப்பட்டும் விடாமல் உழைத்த விடயம் இது. வெளியிலிருந்து வரும் எம்.ஆர்.என்.ஏ.யை உடம்பு எதிரியென்று நினைத்துச் சீறிப் பாய்வதுதான் பெரிய தடையாக இருந்தது. அதன் எழுத்துகளில் ஒன்றைச் சிறிது மாற்றினால் அந்தச் சீற்றம் தணியும் என்பதை அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005 இல் காட்டினார்கள். 2023 இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் மாணவிகள் கரிகோவின் வாழ்க்கையைத் தேடி வாசிக்க வேண்டும்.

சரி, முகம் காட்டியாயிற்று. அடுத்து என்ன?

ஊசி போட்ட இடத்தில் முதலாவது அடுக்கு விழித்துக்கொள்ளும். அந்தக் கலங்கள் அபாய அறிவித்தல் கொடுக்கும் பொருட்களைச் சுரக்கும். கை உளைவு, காய்ச்சல், உடம்பு நோ, அடுத்த நாள் எழும்ப முடியாமல் படுத்தது எல்லாம் அதன் விளைவுதான். "எனக்கு ஒண்டுமே செய்யேல்லை, அப்ப ஊசி வேலை செய்யேல்லையோ?" என்று கேட்ட பலர் உண்டு. அப்படியில்லை. காய்ச்சல் வராதவர்களிலும் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே உண்டாகின்றது. வயதானவர்களுக்கு இந்தத் தொந்தரவுகள் குறைவாகவும் இளம் பெண்களுக்குக் கூடுதலாகவும் இருந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம்.

அந்த இடத்தில் கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைக் கலங்கள் உண்டு. அவைதான் தூதுவர்கள். முள்ளுப் புரதத்தின் துண்டுகளை ஏந்திக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாகக் கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு அவை போகும். ஊசி போட்ட பக்கம் கமக்கட்டில் நெறி கட்டியது பலருக்கு நினைவிருக்கும். அது பயப்பட வேண்டிய விடயமல்ல, உள்ளே வேலை நடக்கின்றது என்பதற்கு அடையாளம். ஆனால் மார்பகப் பரிசோதனைக்கு மமோகிராம் எடுக்கப் போகும் சகோதரிகள், அண்மையில் ஏதாவது தடுப்பூசி போட்டிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீங்கிய கணுவைப் பார்த்து வீண் பதற்றம் ஏற்படாமல் இருக்கும்.

நிணநீர்க் கணுவை ஒரு பாடசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடிக்கணக்கான நிணநீர்க்குழியங்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவத்தைப் பிடிக்கக்கூடிய கையோடு பிறந்தது. முள்ளுப் புரதத்தைப் பார்த்து இந்தக் கைகள் செய்யப்படுவதில்லை, அவை முன்னரே இருக்கின்றன. தூதுவர் கொண்டுவந்த துண்டு யாருடைய கைக்குப் பொருந்துகின்றதோ அந்தக் கலம் மட்டும் தெரிவாகி, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். எங்களை ஒருபோதும் பார்த்திராத வைரசுக்குக்கூட எங்களிடம் ஏற்கெனவே விடை இருக்கின்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கின்றது.

தெரிவாகும் கலங்களில் இரண்டு பெரிய வகை. பி கலங்கள் பிறபொருளெதிரிகளைச் செய்யும். இவை குருதியில் மிதந்து, வைரசின் முள்ளைப் பிடித்துக் கதவு திறக்காமல் தடுக்கும். ரி கலங்கள் வேறு விதம். அவற்றில் ஒரு பகுதியினர் பி கலங்களுக்கு வழிகாட்டும் உதவியாளர்கள். மற்றப் பகுதியினர் வைரசு புகுந்துவிட்ட கலங்களைத் தேடி அழிப்பவர்கள். பிறபொருளெதிரி வாசலில் நிற்கும் காவல் என்றால், ரி கலம் வீட்டுக்குள் புகுந்த கள்ளனைப் பிடிக்கும் காவல்.

தெரிவோடு கதை முடிவதில்லை. நிணநீர்க் கணுவுக்குள் பி கலங்கள் தங்கள் கையின் வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கும். எது முள்ளை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கின்றதோ அது அடுத்த வகுப்புக்குப் போகும். மற்றவை விழுந்துவிடும். தவணைக்குத் தவணை பரீட்சை. பைசர் ஊசி போட்டவர்களின் கமக்கட்டுக் கணுக்களிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், இரண்டாவது ஊசிக்குப் பிறகு 12 வாரங்கள் கடந்தும் இந்தப் பயிற்சி நடந்துகொண்டிருந்ததை 2021 இல் அறிவித்தார்கள். நாங்கள் ஊசியை மறந்து அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், கமக்கட்டுக்குள் வகுப்பு நடந்துகொண்டிருந்திருக்கின்றது.

படித்து முடித்த கலங்கள் இரண்டு இடங்களுக்குப் போகும். சில, என்பு மச்சைக்குள் குடியேறி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகப் பிறபொருளெதிரிகளைச் சுரந்துகொண்டிருக்கும். மற்றவை நினைவுக் கலங்கள். அவை சத்தமில்லாமல் உடம்பெங்கும் சுற்றிக்கொண்டிருக்கும். அதே முகம் மறுபடி வந்தால் சில நாட்களிலேயே படையாகத் திரண்டுவிடும்.

இந்த நினைவு எவ்வளவு காலத்துக்கு இருக்கும்? மூன்று உதாரணங்கள் சொல்கின்றேன்.

வட அத்திலாந்திக்கில் பரோத் தீவுகள் இருக்கின்றன. 1846 இல் அங்கே சின்னமுத்து பரவியது. ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் 6,000 பேரளவில் நோய்வாய்ப்பட்டார்கள். ஆராயப் போன பானும் என்ற இளம் டெனிஷ் வைத்தியர் ஒரு விடயத்தைக் கவனித்தார். அதற்கு முன்னர் சின்னமுத்து அங்கே வந்தது 1781 இல். அப்போது நோய்வாய்ப்பட்டுப் பிழைத்திருந்த முதியவர்களுக்கு 65 ஆண்டுகள் கழித்தும் நோய் வரவில்லை. இடையில் அந்தத் தீவுகளில் சின்னமுத்தே இருக்கவில்லை. ஆகவே நினைவு மட்டுமே அவர்களைக் காத்தது.

இரண்டாவது, 1918 ஆம் ஆண்டின் பெரும் இன்புளுவென்சா. எமது பாடசாலை தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் உலகைச் சுற்றி வந்து, இலங்கையையும் விட்டுவைக்காத நோய் அது. அந்த நாளில் குழந்தைகளாக இருந்து, 2008 இல் 91 முதல் 101 வயது வரையில் வாழ்ந்துகொண்டிருந்த 32 பேரின் குருதியை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். அத்தனை பேரிலும் 1918 வைரசுக்கு எதிரான தாக்கம் தெரிந்தது. சிலருடைய குருதியிலிருந்து அந்த வைரசை அடையாளம் காணும் பி கலங்களையும் பிரித்தெடுத்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள்! பேரப்பிள்ளையின் பெயரை மறந்துபோன வயதிலும் உடம்பு அந்த முகத்தை மறக்கவில்லை.

மூன்றாவது, 2003 இல் பரவிய சார்ஸ். இப்போதைய வைரசுக்கு அது நெருங்கிய உறவு. அப்போது நோயுற்றுக் குணமானவர்களைச் சிங்கப்பூரில் 17 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, அவர்களிடம் சார்ஸை நினைவில் வைத்திருக்கும் ரி கலங்கள் இருந்தன. அவற்றில் சில புதிய கொரோனா வைரசையும் அடையாளம் கண்டன.

இப்போது என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகின்றேன். "டொக்டர், ரெண்டு ஊசியும் போட்டனான், பூஸ்டரும் போட்டனான். பிறகேன் எனக்கு வந்தது?" நியாயமான கேள்வி. நினைவு அவ்வளவு நீண்டது என்றால் ஏன் தொற்றியது?

பதில் நேரக் கணக்கில் இருக்கின்றது. ஊசி போட்ட சில மாதங்களில் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் குறையும். இது குறைபாடல்ல. வாழ்நாளில் சந்தித்த ஒவ்வொரு கிருமிக்கும் செய்த பிறபொருளெதிரி முழுவதும் அப்படியே தங்கியிருந்தால் எங்கள் குருதி ஒடியற்கூழாகத் தடித்துப் போய்விடும். அதனால் உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, செய்முறையை மட்டும் நினைவுக் கலங்களில் வைத்துக்கொள்கின்றது. கையில் போட்ட ஊசி மூக்கின் சளிப்படையில் பெரிய காவலை உண்டாக்குவதுமில்லை. ஆகவே வைரசு மூக்கில் இறங்கி, இரண்டு மூன்று நாட்களில் தடிமனும் தொண்டைநோவும் தந்துவிடுகின்றது. நினைவுக் கலங்கள் திரண்டு வர மூன்று முதல் ஐந்து நாட்களாவது வேண்டும். மூக்கில் நாங்கள் தோற்கின்றோம். ஆனால் நுரையீரலைப் பிடிப்பதற்கு முன் படை வந்துவிடுகின்றது. சின்னமுத்து வைரசு நோயாக வெளிப்பட பத்து நாட்களுக்கும் மேல் எடுக்கும். நினைவுக்கு அங்கே போதிய அவகாசம் கிடைக்கின்றது. அதனால்தான் சின்னமுத்து ஊசி வாழ்நாள் காவலாகவும், கொவிட் ஊசி கடும் நோய்க்கும் மரணத்துக்கும் எதிரான காவலாகவும் அமைந்தன.

வைரசும் சும்மா இருக்கவில்லை. 2021 நவம்பரில் அறியப்பட்ட ஒமிக்ரோனின் முள்ளுப் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. பழைய முகத்தைப் பார்த்துச் செய்த பிறபொருளெதிரிகளில் பல அதைப் பிடிக்க முடியாமல் தவறின. ஆனால் ரி கலங்கள் முகத்தை முழுதாகப் பார்ப்பதில்லை, புரதத்தின் சிறு துண்டுகளைத்தான் பார்க்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மாறாமல் இருந்தன. தொற்றியவர்கள் தொகை ஏறியபோதும் ஊசி போட்டவர்களில் மரணம் அதே அளவுக்கு ஏறாததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

எங்கள் நாட்டுக்கேயுரிய ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி முடிவில் இங்கே கொவிஷீல்ட் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு இந்தியாவிலிருந்து வருவது நின்றுபோனது. முதல் ஊசி மட்டும் போட்ட ஆறு இலட்சம் பேரளவில் மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். "முதல் போட்டது வீணாய்ப் போச்சு" என்று வந்து அழுதவர்கள் உண்டு. உண்மையில் அது வீணாகவில்லை. கணுவுக்குள் நடக்கும் பயிற்சியை நினைத்துப் பாருங்கள். இடைவெளி கூடும்போது கலங்கள் நன்றாகப் படித்து முடித்த நிலையில் இரண்டாவது ஊசியைச் சந்திக்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஆறு வாரத்துக்குக் குறைவாக இருந்தவர்களில் 55 வீதமாக இருந்த பாதுகாப்பு, 12 வாரமோ அதற்கு மேலோ சென்றவர்களில் 81 வீதமாக இருந்ததை ஒக்ஸ்போர்ட் ஆய்வு காட்டியது. காத்திருந்த காலத்தில் பாதுகாப்புக் குறைவு என்பது உண்மையான ஆபத்து. அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் ஊசி தந்த நினைவு அழியவில்லை. பின்னர் யப்பான் அனுப்பிய ஊசியைச் சிலர் போட்டார்கள். சிலருக்கு இரண்டாவதாகப் பைசர் போடப்பட்டது. அந்தக் கலப்பும் இரண்டு அஸ்ட்ராசெனெகாவைவிடக் கூடுதலான பிறபொருளெதிரிகளைத் தருவதைப் பிரித்தானிய ஆய்வு காட்டியிருக்கின்றது.

பெண்களாகிய எங்களுக்குரிய இரண்டு விடயங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஊசி போடலாமா என்ற பயம் பெரிதாக இருந்தது. தாய் செய்யும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தின் ஊடாகக் குழந்தைக்குப் போகின்றன. தாய்ப்பாலிலும் போகின்றன. தான் ஊசி போட முடியாத வயதில் குழந்தைக்குக் கிடைக்கும் காவல் அது. கர்ப்ப காலத்தில் கொவிட் வந்தால்தான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்துக் கூட. இரண்டாவது, மாதவிடாய். ஊசிக்குப் பிறகு திகதி தள்ளிப்போனதாகப் பல பெண்கள் சொன்னார்கள். "அது மனப்பயம்" என்று அவர்களைத் திருப்பி அனுப்பிய இடங்கள் பல. பிறகு முறையாக ஆராய்ந்தபோது, சுற்று சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டு, விரைவில் பழைய நிலைக்குத் திரும்புவது தெரியவந்தது. பிள்ளைப்பேற்றுக்கு அதனால் பாதிப்பில்லை. ஆகப் பெண்கள் சொன்னது உண்மை, பயந்த அளவுக்கு ஆபத்தும் இல்லை. இந்த இரண்டையும் முதல் நாளே அக்கறையோடு கேட்டுச் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடமே இருந்திருக்காது.

பக்க விளைவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அஸ்ட்ராசெனெகாவுக்குப் பிறகு மிக அரிதாகச் சிலருக்கு ஆபத்தான இரத்தக்கட்டிகள் ஏற்பட்டன. சில நாடுகள் அதை இளவயதினருக்குக் கொடுப்பதை நிறுத்தின. எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்குப் பிறகு, முக்கியமாக இளம் ஆண்களில், அரிதாக இதயத்தசை அழற்சி வந்தது. பெரும்பாலானோர் குணமடைந்தார்கள். ஊசி போட்ட பிறகு அரை மணித்தியாலம் கதிரையில் இருத்தி வைத்ததும் அரிதான கடும் ஒவ்வாமைக்காகத்தான். இவற்றை மறைத்தால் மக்கள் எங்களை நம்ப மாட்டார்கள். சொல்லிவிட்டு, நோயினால் வரும் ஆபத்தை அருகில் வைத்துக் காட்டினால் அவர்களே நிறுத்துப் பார்ப்பார்கள்.

இனி, ஊரிலும் உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவிகளுக்கென்று ஒரு வார்த்தை.

2021 மே மாத முடிவில் யாழ்ப்பாணத்துக்குச் சினோபாம் வந்தது. ஆகஸ்டில் டெல்ரா அலை. நான் கடமையாற்றிய விடுதியில் ஒட்சிசன் இல்லாத கட்டில் இருக்கவில்லை. எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஊசி போடவில்லை. கிராம அலுவலர் கொடுத்த துண்டு வீட்டிலேயே இருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "பிள்ளையள் போனில சொன்னவை, உந்தச் சைனா ஊசி வேண்டாம், பைசர் வரும், பொறுங்கோ எண்டு." மூன்று பிள்ளைகள், மூன்று நாடுகள். ஆறாம் நாள் அவர் காலமானார். மூவரும் வீடியோவில்தான் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. நல்லது கிடைக்கட்டும் என்ற அன்பில் சொன்னதுதான். அதே மாதத்தில் அதே வார்த்தையை இன்னும் பலருடைய வாயில் கேட்டேன்.

பைசர் பரிசோதனையில் 95 வீதம், சினோபாம் 79 வீதம் என்ற எண்களைப் பார்த்துத்தான் பலர் அப்படிச் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட வேண்டியது 95ஐயும் 79ஐயும் அல்ல, 79ஐயும் பூச்சியத்தையும். வராத ஊசியின் பாதுகாப்பு பூச்சியம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை நீலிகா மலவிகே குழுவினர் எங்கள் நாட்டு மக்களிலேயே ஆராய்ந்து, இரண்டு சினோபாம் ஊசி போட்டவர்களில் 95 வீதமளவானோருக்குப் பிறபொருளெதிரிகள் உண்டானதைக் காட்டினார்கள். முதியவர்களில் அது சற்றுக் குறைவு என்பதும் தெரிந்தது. பின்னர் மூன்றாவது ஊசியாகப் பைசர் கொடுத்தது அந்தக் குறையை நிரப்பத்தான். கிடைத்ததை முதலில் போடுவது, நல்லது வரும்போது அதையும் சேர்ப்பது. நிர்ப்பீடனமும் அப்படித்தான் வேலை செய்கின்றது, ஒன்றின் மேல் ஒன்றாக.

அந்த அலை போய்விட்டது. அதிலிருந்து வந்த சந்தேகம் போகவில்லை. 2019 இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. 2023 இல் அது திரும்பி வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஊசி தவறவிடப்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள். 2017 இலிருந்து ஆறாந்தரப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பாடசாலையிலேயே இலவசமாகப் போடப்படுகின்றது. எங்கள் தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இன்று எங்களோடு இந்த மண்டபத்தில் இருந்திருக்கக்கூடிய பெண்கள் உண்டு. அந்த ஊசிக்கான சம்மதக் கடிதத்தில் "வேண்டாம்" என்று எழுதி அனுப்பும் பெற்றோரை இப்போது காண்கின்றேன். "எதுக்கு இந்தச் சின்ன வயசில?" என்று கேட்கின்றார்கள். நிணநீர்க் கணுவின் பாடசாலை அந்த வயதில்தான் மிக நன்றாக நடக்கின்றது, வைரசைச் சந்திப்பதற்கு முன் முகம் காட்ட வேண்டும் என்பதுதான் பதில்.

பழைய மாணவிகள் சங்கம் கட்டடத்துக்கும் கணினிக்கும் புலமைப்பரிசிலுக்கும் செய்வது பெரிய காரியம். அதோடு செலவில்லாத இன்னொன்றையும் கேட்கின்றேன். நீங்கள் ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருந்து அம்மாவோடு, சித்தியோடு, தங்கையோடு கதைக்கும் சொல்லுக்கு இந்த ஊரில் வைத்தியரின் சொல்லைவிடப் பெறுமதி உண்டு. உங்களுக்கு வந்த செய்தியை அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். சந்தேகம் இருந்தால் எங்களில் ஒருவரைக் கேளுங்கள். இந்தப் பாடசாலை உருவாக்கிய வைத்தியர்கள், தாதியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் எத்தனையோ பேர் இருக்கின்றோம். இங்கே இருப்பவர்கள் நாளைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று: உங்கள் வீட்டிலுள்ள பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து, விடுபட்டது ஏதாவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிந்தினாலும் போடலாம்.

நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை பெண்பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கப் பழக்கியிருக்கின்றது. தடுப்பூசியைப் பற்றியும் கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் கேளுங்கள், பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். அந்தப் பழக்கம் அடுத்த நூற்றாண்டுக்கும் தொடர வேண்டும்.